குடியை விடுவதற்கு இணையவழித் திட்டம் கட்டப் போகிறீர்களா? காரைக்குடியிலிருந்து ஒரு செலவுக் கணக்கு

குடிப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்காகத் தமிழில் ஓர் இணையவழிச் சுயஉதவித் திட்டம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால், எந்த நிறுவனத்துக்கும் முன்பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதில் சுமார் 5 லட்சம் ரூபாயும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலமும் செலவாயின. இன்று ஒரு சிறிய தளம் ஓடுகிறது, ஆட்கள் வருகிறார்கள், சிலர் குடியை விட்டும் இருக்கிறார்கள். ஆனால் அந்த 5 லட்சத்தில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் எங்கே போயிற்று என்று கேட்டால், இப்போது ஓடும் தளத்தில் காட்டுவதற்கு ஒரு வரிகூட இல்லை. கணினி தெரிந்தவர்கள் எழுதியதைப் படித்தேன், மருத்துவர்கள் எழுதியதைப் படித்தேன். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவர்கள் எழுதிவைத்தது எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் நீண்டகாலம் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் காரைக்குடி செக்காலை வீட்டுக்கே திரும்பிவந்துவிட்டேன். அண்ணனுக்குப் பெயிண்ட் கடை. கடை நன்றாக ஓடிய காலத்தில் தொடங்கிய குடி, கடை படுத்த பிறகும் நிற்கவில்லை. சென்னையில் ஒரு மாதம் உள்நோயாளியாக இருந்து சிகிச்சை எடுத்துக்கொண்டு வந்தார். பகல் முழுக்க நன்றாகவே இருப்பார். சாயங்காலம் ஆறு மணி ஆனால் வாசல் முகப்புக்கும் உள்முற்றத்து வளவுக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவார். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஆக அவருக்குக் கண்டம் மாலை 6 முதல் 10 வரை. அந்த நேரத்தில் ஆலோசகர் யாரும் இருக்கையில் இருப்பதில்லை. சிகிச்சை எடுத்த இடத்துக்குப் போன் செய்தால் காலையில் பேசச் சொல்வார்கள். காலையில் பேச என்ன இருக்கிறது? அந்த நான்கு மணிநேரத்தைத் தாண்டவைக்க ஏதாவது ஒன்று கையில் வேண்டும் என்றுதான் இணையத்தில் தேட ஆரம்பித்தேன்.

தேடியபோது இந்தத் துறை ஒன்றும் புதிதல்ல என்று தெரிந்தது. நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் 2000-களிலேயே இத்தகைய தளங்கள் வந்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் பெலாரஸ், பிரேசில், இந்தியா, மெக்சிகோ ஆகிய நான்கு நாடுகளில் மதுவுக்கான இணையவழிச் சுயஉதவித் தளங்களை உருவாக்கும் பணியை எடுத்துச் செய்தது. இந்தியப் பங்கை டெல்லி எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் பார்த்துக்கொண்டது. பெரும்பாலானவற்றுக்கு எலும்புக்கூடு ஒன்றுதான். முதலில் ‘ஆடிட்’ எனப்படும் பத்துக் கேள்விகள். மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே குடி தீங்கு செய்யும் இடத்துக்குப் போயிருக்கிறது என்று பொருள், 20 வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். பிறகு அந்த மதிப்பெண்ணை வைத்து அவரவருக்கேற்ற பதில், நிறுத்துவதா குறைப்பதா என்ற முடிவு, தினக்குறிப்பு, எந்த இடத்தில் எந்த நேரத்தில் ஆசை கிளம்புகிறது என்று கண்டுகொள்ளும் பயிற்சி, யாராவது வற்புறுத்தினால் மறுக்கும் பயிற்சி, சறுக்கினால் என்ன செய்வது என்ற ஏற்பாடு. குடியை விடும் காரணத்தைக் குடிப்பவர் வாயாலேயே வரவழைக்கும், உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்த ஊக்க நேர்காணல் முறையும், விட்டவர் மறுபடி குடியில் விழாமல் காக்க உளவியலாளர் ஆலன் மார்லட் வகுத்த மறுவீழ்ச்சித் தடுப்பு முறையும்தான் இவற்றின் பின்னால் நிற்கின்றன. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தவை அண்ணனுக்கு உதவவில்லை. தமிழில் நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. எனக்குக் கணினி தெரியும், அண்ணனுக்குக் குடி தெரியும், ஒரு மனநல மருத்துவரைப் பிடித்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டோம்.

வெளியூர் நிறுவனம் ஒன்று 3 லட்சத்து 20 ஆயிரத்துக்குச் செயலி செய்து தருவதாக ஒப்புக்கொண்டது. பாதிக்கு மேல் முன்பணம். மாதிரிப் படங்களில் எல்லாம் பளபளவென்று இருந்தது. குடிக்காத நாளுக்கு ஒரு நட்சத்திரம், ஒரு வாரம் தாண்டினால் வெற்றிக் கோப்பை. “குடியை விட்டவனுக்குக் கோப்பையையா பரிசாகக் கொடுப்பது?” என்று அண்ணன் அன்றைக்கே சிரித்தார். மூன்று மாதம் என்றது எட்டு மாதம் ஆயிற்று. கையில் வந்தபோது ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ஒரு வரியிலும் கால் அடுத்த வரியிலும் கிடந்தன. திருத்தச் சொன்னால் அது தனி வேலை, தனிக் கட்டணம். சண்டை முற்றியபோதுதான் தெரிந்தது, இணைய முகவரியான டொமைன் பெயர் அவர்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது, சர்வர் கணக்கும் அவர்களுடையது, செயலியை இயக்கும் மூலநிரலான சோர்ஸ் கோடு எங்கள் கைக்கு வரவே இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்றார்கள். அதற்கும் பணம் வேண்டும், அதைவிட முக்கியமாக மனம் வேண்டும். இரண்டும் அப்போது என்னிடம் இல்லை. இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். அண்ணனுக்குத் தெரிந்தால் அவர் மறுபடி பாட்டிலைத் தொட்டுவிடுவாரோ என்ற பயத்தில் வீட்டில் வாய் திறக்கவில்லை.

ஆகவே, யாரிடம் வேலை கொடுத்தாலும் டொமைனை முதல் நாளே உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சமாசாரம் அது. எழுதும் கோடு வாரம்தோறும் உங்கள் கணக்கில் வந்து சேர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பணத்தைத் துண்டு துண்டாகக் கொடுங்கள். ஒவ்வொரு துண்டும், நம்மூர் ஆள் ஒருவர் தன் பழைய போனில் அந்தப் பகுதியைப் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான். செயலி வேண்டுமா என்பதையே முதலில் யோசியுங்கள். எங்களுக்கு அது தேவையே இல்லை என்பது பின்னால் புரிந்தது. போனில் படம் நிறைந்து இடமில்லாதவர் புதிதாக எதையும் இறக்கமாட்டார். அப்படியே இறக்கினாலும் திரையில் அந்தச் சின்னம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். போனை வாங்கி விளையாடும் பிள்ளை கேட்கும், கடைப் பையன் பார்ப்பான். எடை குறைந்த சாதாரண இணையப் பக்கம் போதும். அன்றன்றைய டேட்டா தீர்ந்து வேகம் இறங்கிப்போகும் நேரமும் ஆசை கிளம்பும் நேரமும் பல பேருக்கு ஒன்றாகவே இருக்கின்றன. அந்த வேகத்தில் திறக்காத பக்கத்தை எத்தனை அழகாகச் செய்தும் பயனில்லை.

உள்ளடக்கத்தில் அடுத்த அடி. ஆடிட்டின் இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை அளவு குடிக்கிறீர்கள் என்பது. ஓர் அளவு என்றால் 10 கிராம் தூய ஆல்கஹால். மேல்நாட்டுத் தளங்களில் கிளாஸ் படம் போட்டுக் கேட்கிறார்கள். நம்மூரில் கிளாஸை யார் எண்ணுகிறார்கள்? கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல் என்பதுதான் கணக்கு. குடி முற்றாத ஆரம்ப காலத்தை நினைத்துக்கொண்டு நிரப்புங்கள் என்று அண்ணனிடம் போனைக் கொடுத்தேன். வாரம் எத்தனை நாள் என்றதற்குத் தினமும் என்று போட்டார். எத்தனை என்ற இடத்தில் அவர் விரல் கொஞ்சம் தயங்கி, ஒன்று என்பதைத் தொட்டது. ஒரு குவார்ட்டர், அவ்வளவுதானே. ஒரே நேரத்தில் ஆறோ அதற்கு மேலோ குடித்ததுண்டா என்றதற்கு, இல்லை. மற்றக் கேள்விகளுக்கு, எந்தக் குடிகாரரும் சொல்வதைப்போல, எல்லாம் இல்லை. திரை பச்சை நிறம் காட்டி வாழ்த்துச் சொன்னது.

கணக்கைப் பாருங்கள். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் பொதுவாக 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 61 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதாவது ஆறு அளவு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று நான்கு அளவு. தினம் ஒரு குவார்ட்டர் குடிப்பவருக்கு முதல் கேள்வியில் 4, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4, ஆக மூன்று கேள்வியிலேயே 10 வந்திருக்க வேண்டும். எங்கள் தளம் போட்டது 4. தினம் குடிக்கும் மனிதருக்கு “உங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று மதிப்பெண் கொடுத்து அனுப்பினால், அதைவிட நல்ல சாக்கு அவருக்கு எங்கே கிடைக்கும்? இப்போது கேள்வியில் எண்ணையே கேட்பதில்லை. பாட்டில் படங்களைக் காட்டி, எது, எத்தனை பேர் பகிர்ந்தீர்கள் என்று மட்டும் கேட்கிறோம். கிராம் கணக்கைத் தளமே போட்டுக்கொள்கிறது. வெளிநாட்டுத் திட்டத்தைத் தமிழாக்கும்போது எழுத்தைச் சரிபார்க்க ஆயிரம் பேர் வருவார்கள். எண்களையோ, குடித்துப் பழகிய ஒருவரை உட்காரவைத்துத்தான் சரிபார்க்க முடியும்.

இனிச் சொல்லப்போவதை எழுத இப்போதும் கை கூசுகிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கறுப்பு வேட்டிதான். மாலை போட்டால் குடி கிடையாது. ஆண்டு முழுக்கக் குடிப்பவர்கள்கூட அந்த ஒரு மண்டலம் தொடமாட்டார்கள். எங்கள் தளத்துக்கும் அதிகம் பேர் வந்தது கார்த்திகை முதல் தேதியை ஒட்டித்தான். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். புதுவயல் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, மறுநாள் காலை மாலை போட்டுக்கொண்டு ஒரேயடியாக நிறுத்திவிட்டார். அதற்கு மறுநாள் இரவு அவர் மனைவி போன் செய்தார். “அக்கா, பல்லைக் கிட்டிக்கொண்டு இழுக்கிறது, கண் மேலே போகிறது. உங்கள் எழுத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார், இப்போது நான் என்ன செய்ய?” 108-ஐக் கூப்பிடச் சொன்னேன், வேறு எதுவும் என் வாயில் வரவில்லை. பிழைத்துக்கொண்டார். நான் அரசு மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது, இல்லாத எறும்புகளைச் சுவரிலிருந்து துண்டால் தட்டிக்கொண்டிருந்தார். மாலையை மட்டும் யாரும் கழற்ற அவர் விடவில்லை.

பல ஆண்டுகள் தினமும் குடித்த உடம்பு, திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணிநேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். இந்த எச்சரிக்கை எங்கள் தளத்தில் இல்லாமல் இல்லை. முன்மாதிரித் தளங்களில் இருந்ததைப்போலவே, உள்ளே மூன்றாவது பக்கத்தில் இருந்தது. அவர் அதுவரை வரவில்லை. இப்போது வேறு எதையும் காட்டுவதற்கு முன்னால் நான்கு கேள்விகள் வருகின்றன. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததுண்டா, தினமும் குடிக்கிறீர்களா, ஈரல், சர்க்கரை, வலிப்பு போன்ற வேறு நோய் உண்டா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் நிறுத்தும் திட்டம் திறக்காது. மருத்துவரிடம் போகச் சொல்லும் பக்கமும் எண்களும்தான் வரும். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, நம் மாநில 104, அவசரத்துக்கு 108. பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. வைட்டமின் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது மூளைக்கே கேடாக முடியலாம் என்பதையும் அதே பக்கத்தில் மருத்துவரைக் கொண்டே எழுதவைத்திருக்கிறோம். இந்த நான்கு கேள்விகளைப் பார்த்ததும் வந்தவர்களில் பலர் திரும்பிப் போகிறார்கள் என்று தளக்கணக்கு காட்டுகிறது. போகட்டும்.

இன்னொன்று, யாரும் எனக்குச் சொல்லாதது. குடிப்பவர்களுக்காகத்தான் தளத்தைக் கட்டினேன். வந்து கதவைத் தட்டியவர்களில் பெரும்பகுதி மனைவிகளும் அம்மாக்களும். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு மகன், தேவகோட்டையில் இருக்கும் அப்பாவுக்காக அவர் பெயரிலேயே பதிவு செய்து கேள்விகளை நிரப்பியிருந்தார். பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்று: சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மாத்திரை எங்கே கிடைக்கும்? டைசல்ஃபிராம் என்ற அந்த மருந்தைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும், சாவும் நேரலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம்வரைகூட அந்த விளைவு வரலாம். சாப்பிடுபவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து அது. ரசத்தில் கலக்கும் விஷயம் இல்லை. ஆகவே குடும்பத்தாருக்கென்று தனி வாசல் ஒன்றைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் குடிப்பவரின் வாசல் வழியாக வந்து, குடிப்பவரைப்போலப் பதில் சொல்லி, தளத்துக்கும் தங்களுக்கும் குழப்பத்தை உண்டாக்கிக்கொள்வார்கள்.

ரகசியம் பற்றி. இந்த ஊர்களில் ஒரு வீட்டுச் சங்கதி அடுத்த ஊர்க் கல்யாணத்தை நிறுத்தும். மாலையில் நினைவூட்டல் அனுப்பினால் நல்லது என்று படித்திருந்தேன். எங்கள் தளத்திலிருந்து “இன்று மது அருந்தாமல் இருந்தீர்களா?” என்று ஒரு குறுஞ்செய்தி போயிற்று. அது போய்ச் சேர்ந்த போன், கோட்டையூரில் ஒரு கூடத்தில், பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் முன்னால் மேசைமேல் கிடந்தது. அந்த மனிதர் அன்றிரவு என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இப்போது செய்தி “இன்றைய கணக்கை எழுதியாகிவிட்டதா?” என்று மட்டும் போகிறது, கணக்கு எழுதும் ஊரில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நினைவூட்டல் வேண்டுமா, எத்தனை மணிக்கு, போன் வேறு யார் கைக்காவது போகுமா என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்கிறோம். இடையில் இன்னொரு தாமதம்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்தியின் தலைப்பையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வாசகத்தை மாற்றினால் மறுபடி பதிவு. வேலைத்திட்டத்தில் இதற்கென்று சில வாரங்களை ஒதுக்குங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது; சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காப்பதை உரிமை என்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். என் கருத்து, வாங்காத தகவல்தான் கசியாது. பெயர், ஊர், போன் எண் எதுவும் கேட்பதில்லை. ஒரு புனைபெயரும் ஒரு ரகசிய எண்ணும் போதும். நினைவூட்டல் கேட்பவர் மட்டும் எண்ணைக் கொடுக்கிறார். ரகசிய எண்ணை மறந்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான், அதில் கொஞ்சம் பேரை இழக்கிறோம். வந்த தகவலை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுதும் ஆசை இருந்தால், தளம் திறப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். எனக்கு அந்த ஆசை இல்லாததால் அந்தப் பாதையின் மேடுபள்ளம் எனக்குத் தெரியாது.

ஆசை கிளம்பும் இடங்கள் என்ற பகுதியை எழுதியது அண்ணனும் அவருடைய பழைய கூட்டாளிகளும். இதில்தான் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. முன்மாதிரியில் அலுவலக விருந்து, வார இறுதி, தனிமை என்று இருந்தன. இவர்கள் போட்ட பட்டியல் வேறு: சனிக்கிழமை கூலி வாங்கும் நேரம், கேத வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி, கல்யாணத்தில் பந்தி முடிந்த பிறகு மண்டபத்துப் பின்புறம், மலேசியாவிலிருந்து பாட்டிலோடு வந்திறங்கும் மச்சான், தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்துவிட்டு வரும் சாயங்காலம். மறுப்பதற்கான பதில்களையும் அவர்களே சொன்னார்கள். “விட்டுவிட்டேன்” என்று சொல்லக்கூடாதாம். சொன்னால் நாலு பேர் சேர்ந்து ஊற்றிவிட்டுத்தான் விடுவார்கள். “மாத்திரை சாப்பிடுகிறேன், இதைத் தொட்டால் ஆஸ்பத்திரிதான்” என்றால் கையை எடுத்துவிடுவார்களாம். எங்கள் மருத்துவர் முதலில் சாமி, கோயில் பேச்சு வேண்டாம் என்றார். அண்ணன் விடவில்லை. “மாலை போடுவதும், குலதெய்வத்துக்கு முன்னால் கயிறு கட்டிக்கொள்வதும், பழனிக்கு நடப்பதும்தான் எங்கள் ஆட்கள் நிறுத்தும் நாள். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதுவீர்கள்?” என்று கேட்டார். மருத்துவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் நிறுத்தும் நாளைவிட, மாலை கழற்றும் நாள்தான் கண்டம். மகரஜோதி முடிந்து மாலையைக் கழற்றினால் கூடவே பொங்கல், கையில் காசு, ஊரெல்லாம் உறவு. விரதம் முடியப் பத்து நாள் இருக்கும்போதே தளத்தில் அதற்கென ஒரு பக்கம் திறக்கும்: கழற்றும் அன்று யாரோடு இருப்பீர்கள், எந்த வழியாக வீட்டுக்கு வருவீர்கள், பணம் யார் கையில் இருக்கும். மொத்தத் தளத்திலும் ஆட்கள் விட்டுவிடாமல் முடிக்கும் பக்கம் இதுதான்.

விட்டுவிடாமல் என்றேன். இந்தத் துறையில் முதலில் மனதை உடைப்பது அதுதான். வந்தவர்களில் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே காணாமல் போய்விட்டார்கள். என் எழுத்துச் சரியில்லை, தளம் சரியில்லை என்று நொந்துபோனேன். குந்தர் ஐசன்பாக் என்ற ஆய்வாளர் 2005-இலேயே இதை இணையவழிச் சிகிச்சைகளின் இயல்பு என்று ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார் என்பதைத் தாமதமாகத்தான் படித்தேன். இப்போது ஒருவர் ஒரே ஒரு முறைதான் வரப்போகிறார் என்று வைத்துக்கொண்டே முதல் பக்கத்தை எழுதுகிறேன்: அபாயக் கேள்விகள், எண்கள், இன்று இரவு ஆசை வந்தால் என்ன செய்வது என்ற அரைப்பக்கம். அது தவிர, மனிதக் குரல் ஒன்று நடுவில் இருந்தால் ஆட்கள் தங்குகிறார்கள். அண்ணன் மாலை நேரத்தில் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தபிறகு வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் அதிலும் ஒரு பள்ளம். இரவுக்கிரவு குடியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் போனை என் கையில் திணித்துவிட்டு, “ஆத்தா, இவர் சொல்லச் சொல்ல எனக்கு நாக்கில் ருசி தெரிகிறது” என்றார். அன்றோடு அவரைத் தனியாகப் போன் எடுக்க விடவில்லை. குடியை விட்டவர்களை வைத்துப் பேசவைப்பது நல்ல வழி. ஆனால் அவர்களுக்கு மேலே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும், வாரத்தில் ஓய்வு நாள் வேண்டும், முடியவில்லை என்று சொன்னால் அந்த நொடியே விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும். இலவசமாகச் செய்கிறார்களே என்று உறிஞ்சிவிடாதீர்கள்.

செட்டிநாட்டில் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மாத் தேக்கைக் கொண்டுவந்து இழைத்தவர்களுக்குப் பணம் இருந்தது. இன்று ஓடு மாற்றவும் ஒட்டடை அடிக்கவும் ஆளில்லாமல் எத்தனையோ பூட்டிக் கிடக்கின்றன. இணையத் திட்டத்துக்கும் கட்டும் செலவுதான் நம் கண்ணில் படுகிறது, நடத்தும் செலவு படுவதில்லை. நன்கொடை கொடுப்பவர்களும் அப்படியே. புதிய செயலி என்றால் காசோலை எழுதுவார்கள், ஆலோசகருக்கு மாதச் சம்பளம் என்றால் யோசிப்பார்கள். அதனால் பணத்தைத் தொடக்கத்திலேயே பிரித்துவைத்துவிடுவது நல்லது.

இன்று 5 லட்சம் கையில் கொடுத்துத் தொடங்கச் சொன்னால், தளம் கட்ட 80 ஆயிரத்துக்கு மேல் தரமாட்டேன். மனநல மருத்துவர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துத் திருத்த 40 ஆயிரம். நண்பர்தானே என்று சும்மா கேட்டால் அவர் படிக்க ஒரு வருடம் ஆகும். மாலை 6 மணியிலிருந்து கடை மூடும்வரை இருக்கும் ஆலோசகருக்கு மாதம் 12 ஆயிரம் என்று இரண்டு ஆண்டுக்கு 2 லட்சத்து 88 ஆயிரம், அதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையையே ஆரம்பிப்பேன். மீதி 92 ஆயிரம் சர்வர், குறுஞ்செய்தி, சோதித்துப் பார்ப்பவர்களுக்கான ரீசார்ஜ், ஒலிப்பதிவு. இந்தக் கடைசியை விட்டுவிடாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும், படிக்கத் தெரிந்தும் அந்த நேரத்தில் படிக்கப் பொறுமையில்லாதவர்களும் நிறைய. எல்லாப் பக்கத்தையும் குரலாகவும் வைத்துவிட்டோம். ஸ்டுடியோ எதுவும் வேண்டியதில்லை. எங்கள் கூடத்தில் ஆத்தங்குடித் தரைக்கு எதிரொலி அடித்ததால், பின்கட்டு அறையில் மெத்தையும் போர்வையும் அடைத்துவைத்து அண்ணன் பேசினார், நான் போனிலேயே பதிவு செய்தேன். பதிவு செய்யும்போது மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.